ஐந்தா, ஆறா

அந்த மலைக்குப் பெயர் கிடையாது.
பெயரில்லாதது என்பதே பெயராகிவிட்டது.
செத்த மலை என்று வரைபடக்காரர்கள் எழுதிவைத்தார்கள்.
ஐம்பத்தாறு மார்ச்சில்
தன் தலையைத் தானே வீசியெறிந்து
வரைபடத்தைத் திருத்தச் சொன்னது.

புதிதாய் முளைத்த அதன் மண்டையின் ஒரு வெடிப்பிலிருந்து
சுரண்டி எடுத்து
கண்ணாடிக் குழாயில் அடைத்து, பஞ்சு சுற்றி
என் மேசைக்கு அனுப்பியிருந்தார்கள்.
ஊசிகள்.
மஞ்சளா பச்சையா என்று இன்னும் முடிவு செய்யாத ஊசிகள்.
ஒரு சிட்டிகைக்கும் குறைவு.

உருகி உறைந்தவை அல்ல.
பாறை விட்ட மூச்சு
திரவம் என்கிற படியை மிதிக்காமலே
நேரே கல்லாகி நின்றிருக்கிறது.

என் வேலை அட்டையை நிரப்புவது.
வனேடியம் இரண்டு, ஆக்சிஜன் ஐந்து.
இனம், ஆக்சைடு.
படிக அமைப்பு, செஞ்சாய்சதுரம்.
நகம் கீறாது; செப்புக் காசு ஏறக்குறைய சமம்.
தண்ணீரில் கொஞ்சம் கரையும். அதாவது
மலை மூச்சை அடக்கினால்
நாலு மழையில் இது இருந்த இடம் தெரியாது.
பெயர் என்ற கட்டம் காலி.
மாஸ்கோவில் யாராவது ஒரு பெரியவரின் பெயரை வைப்பார்கள்.
மலைக்கு ஒன்று வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க
ஆலையில் செய்த தூளை அரைத்த வாரம்
என் நாக்கு பச்சையாகிவிட்டது.
"இன்னொரு தடவை காட்டம்மா" என்று
பையன்கள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள்.
காட்டினேன். எத்தனையோ முறை.

சிக்கல் அதன் பிறகு வந்தது.
ஒவ்வொரு வனேடியத்தையும் சுற்றி
ஐந்து ஆக்சிஜன், கூடாரம் போல.
ஒன்று மட்டும் நெஞ்சோடு ஒட்டி: ஒன்று புள்ளி ஐந்து எட்டு ஆங்ஸ்ட்ராம்.
மற்ற நாலும் இரண்டுக்கு இப்படியும் அப்படியும்.
நெஞ்சோடு ஒட்டியதற்கு நேர் எதிரே
அடுத்த அடுக்கில்
ஆறாவதாக ஒன்று.
இரண்டு புள்ளி ஏழு ஒன்பது.
தொட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது.
இல்லை என்று அடித்துவிடவும் கை வரவில்லை.
ஐந்து என்றால் ஒரு வகுப்பு, ஆறு என்றால் வேறு.
இன்னொக்கென்தியிடம் கேட்டேன்.
"அளந்தவள் நீ, நீயே சொல்" என்று
மீன் ரொட்டியைக் கடித்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த ஜனவரியில்தான் மக்கள்தொகைக் கணக்கு.
பள்ளிக்கூடத்து லவ்ரென்தி
காதுத் தொப்பியோடு சமையலறையில் உட்கார்ந்தான்.
பேனா மை உறைந்திருந்தது,
கெட்டிலின் மேல் பிடித்துக் கரைத்தோம்.
"வீட்டில் எத்தனை பேர், கிளாஃபீரா பாவ்லோவ்னா?"

நான். பையன்கள் இருவர்.
தங்கை உஸ்தீனியா, அவள் கணவன்.
பிறகு போர்ஃபீரி.
ஹெர்ரிங் பிடிக்கும் கப்பலில் போனவர்,
இரண்டு குளிர்காலம் ஆகிறது.
நகோத்காவிலிருந்து மணியார்டர் வருகிறது.
முதலில் எண்பது ரூபிள். பிறகு ஐம்பது.
போன மாதம் முப்பது, குறிப்பு எழுதும் இடத்தில்
"குளிர்."

"தற்காலிகமாக இல்லாதவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது" என்றான் லவ்ரென்தி.
"தற்காலிகம் என்றால் எவ்வளவு தூரம்?" என்றேன்.
அவன் அறிவுரைத் தாளைப் புரட்டினான்.
அதில் தூரம் இல்லை, நாள் கணக்குத்தான் இருந்தது.
உஸ்தீனியா ஜன்னல் பக்கம் திரும்பி
பனியைப் பார்ப்பதுபோல் நின்றாள்.

ஆறு என்றேன்.
சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல,
பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் ஆய்வகத்தில்
அட்டையில் ஐந்து என்று எழுதி
காற்புள்ளி வைத்து
ஆறு என்றும் எழுதினேன்.
மாஸ்கோ திட்டினால் திட்டட்டும்.
ஒரு கட்டம் பாக்கியிருந்தது. பிளவு.
ஒரு ஊசியை எடுத்து
சவர அலகால் மெல்ல அழுத்தினேன்.
ஐந்தும் அசையவில்லை.
அந்த ஆறாவது பிடித்திருந்த இடத்தில்
சத்தமில்லாமல், வழவழப்பாக
இரண்டாய் வந்தது.

"முழுமையானது" என்று எழுதினேன்.
அந்தக் கட்டத்துக்கு அதுதான் சொல்.